ஆறாவது டப்பா

நூற்றுப் பதினெட்டு முடிந்திருக்கிறது, மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மவுஸை அசைக்க வேண்டும், அசைக்காவிட்டால் இந்தப் பழைய கம்ப்யூட்டர் தூங்கிவிடும், தூங்கினால் கணக்கு நின்றுபோகும், நின்றால் முதலில் இருந்து. இதை, இந்த லேபில் ஆராய்ச்சி செய்கிற கோகிலவாணி அக்கா தன் புரொபசரைப் பார்க்கப் போகும்போது மூன்று தடவை சொன்னாள். "சாரைப் பாத்துப் பேசிட்டு நாலு மணிக்குள்ள வந்துடறேன் கண்ணு, நீ எந்திரிச்சு எங்கயும் போயிடாத." நான் எங்கே போகப் போகிறேன். ஏசி நேராக என் பிடரியில் அடிக்கிறது, அதை நிறுத்த எனக்கு உரிமை உண்டா என்று தெரியாததால் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மணி இரண்டு இருபது. திரையில் ஓடுவது எல்லாம் இறால் தலைதான், பார்த்தால் தெரியாது. இங்கிலீஷ் எழுத்தாக ஓடும், நாலைந்து எழுத்து சேர்ந்தால் ஒரு துண்டு. இறால் தலைக்குள் இருக்கிற புரதத்தை நம் வயிறு எப்படி வெட்டுமோ அப்படிக் கம்ப்யூட்டர் வெட்டிப் பார்க்கிறது, கத்தியும் கிடையாது வயிறும் கிடையாது. வெட்டின துண்டு ஒவ்வொன்றையும் கொண்டுபோய், நம் உடம்பில் ரத்தக் குழாயை இறுக்குகிற ஒரு பொருள் இருக்கிறதாம், அதன் பள்ளத்தில் உட்கார வைத்துப் பார்க்கிறது. சரியாக உட்கார்ந்துவிட்டால் குழாய் இறுகாது, பிரஷர் இறங்கும், மாத்திரைக்குப் பதிலாக இறால் தலை. எனக்கு இது டவுன் பஸ்ஸில் மீன்கூடைக்காரி இடம் தேடுகிற மாதிரிதான் தெரிகிறது. இந்த சீட்டில் ஒருத்தி பையை வைத்திருப்பாள், அந்த சீட்டில் ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு காலை அகட்டி வைப்பாள், எங்கேயோ ஒரு இடத்தில் இடுப்பு பொருந்திவிடும். பொருந்தினதுக்கு மைனஸில் மார்க். மைனஸ் கூடக் கூட நல்லது. எனக்குப் பள்ளிக்கூடத்தில் இந்த முறை வைத்திருந்தால் நான் இன்னும் படித்துக்கொண்டிருப்பேன். சுற்றி வளைக்க எனக்கு வராது, இப்போதே சொல்லிவிடுகிறேன். அக்கா ஆறு டப்பா கேட்டாள், ஆறிலும் கடல் இறாலின் தலை மட்டும்தான் இருக்க வேண்டும். ஆறாவது டப்பாவில் நான் பண்ணை இறாலின் தலையையும் போட்டேன். அக்காவுக்குத் தெரியாது. அவள் நாலரை மணிக்கு அந்த முடிவை எழுதி, ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கிற ஆபீஸுக்கு அனுப்பப் போகிறாள். நூற்று இருபத்தாறு.

இரண்டு விரக்கடைதான், இரண்டு விரல் அகலம். அவ்வளவுதான் குறைந்திருந்தது. டப்பாவின் வெளியே அக்கா கறுப்பு மார்க்கரில் ஒரு கோடு போட்டிருந்தாள், கோட்டுக்கும் தலைக்கும் நடுவே இரண்டு விரக்கடை. அன்றைக்கு என் மேசையில் கடல் இறால் தீர்ந்துவிட்டது, அடுத்த மேசையில் பண்ணை இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள், தலை ஒரு கூடை நிறையக் கிடந்தது, கை போனது, இரண்டு பிடி அள்ளினது, அமுக்கினது, மூடி போட்டது, ஐஸை வைத்தது. நான் யோசிக்கவே இல்லை. யோசித்துத் தப்புச் செய்திருந்தால் கூட இப்போது கொஞ்சம் நிம்மதியாக இருக்கும், வேண்டுமென்றுதான் செய்தேன், திட்டுங்கள் என்று நிற்கலாம். கை தானாகச் செய்ததை எப்படிச் சொல்வது. இறால் ஷெட்டில் வேலை பார்க்காதவர்களுக்குப் புரியாது. எங்கள் ஷெட்டில் குறைத் தட்டு தராசுக்குப் போகாது. உரித்ததைத் தட்டில் போட்டு வரிசையில் கொண்டுபோய் நிற்க வேண்டும், தட்டு விளிம்பு வரைக்கும் நிறையாவிட்டால் தராசில் நிற்கிற ராஜகனி அக்கா வாங்க மாட்டாள், முகத்தைக் கூடப் பார்க்க மாட்டாள், கையால் போ என்பாள், திரும்ப வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டும், அதற்குள் கால் மரத்துவிடும். அதனால் குறைந்தால் பக்கத்துத் தட்டில் இருந்து ஒரு பிடி எடுத்து ரொப்புவோம், அவளுக்குக் குறைந்தால் அவள் நம் தட்டில் எடுப்பாள், கேட்பது கிடையாது, நன்றி சொல்வது கிடையாது. முதல் வாரம் நான் "எடுத்துக்கிடட்டா" என்று கேட்டதற்கு மேசையே சிரித்தது. "கேட்டுட்டு நிக்கா பாரு, ராஜகுமாரி" என்றாள் ஒருத்தி. அதற்கப்புறம் கேட்கவில்லை. ஒன்றரை வருஷத்தில் என் கண்ணுக்குக் குறை தெரிந்தால் கை ரொப்பிவிடும், டீ டம்ளர் குறைந்தால் கூட எனக்கு அரிக்கும். நூற்று முப்பத்தொன்பது. மவுஸ்.

அக்கா முதல் தடவை ஷெட்டுக்கு வந்தபோது பிப்ரவரி. வெள்ளை கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து, தரையில் ஓடுகிற தண்ணீரில் செருப்பு வழுக்கி, தராசைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எனக்கு வேஸ்ட்டுதாங்க வேணும், தலையும் ஓடும்" என்றாள். ராஜகனி அக்கா அவளை மேலிருந்து கீழே வரை பார்த்து, ஊரைக் கேட்டுவிட்டு, "நாமக்கல்லுல இருந்து இதுக்காகவா வந்தீய, கோழித்தலை கெடைக்கலியோ அங்க" என்றாள். எல்லாரும் சிரித்தோம். நானும்தான். தலை என்றால் எங்களுக்கு அது ஒரு பொருளே இல்லை, கூடையில் விழுந்ததும் அதைப் பற்றிய நினைப்பு முடிந்தது, ஒரு வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும், கோழித் தீவனத்துக்கு என்பார்கள், பாதி ஓடையில் கொட்டப்படும், வெயில் ஏறினால் அந்தப் பக்கம் மூக்கு வைக்க முடியாது. அதற்குள் மருந்து இருக்கிறது என்று ஒருத்தி வந்து சொன்னால் சிரிக்காமல் என்ன செய்வது. "எழுதத் தெரிஞ்ச புள்ள யாராச்சும் இருக்கா" என்று அக்கா கேட்டாள். பதினோராம் வகுப்பு பாதி வரை போனவள் அங்கே நான் ஒருத்திதான். அப்படித்தான் டப்பா நிரப்புகிற வேலை என் தலையில் விழுந்தது. நான் ஏன் பாதியில் நின்றேன் என்பதற்குத் தெருவில் எல்லாரும் ஒரு நல்ல காரணம் வைத்திருக்கிறார்கள், அம்மாவுக்கு முடியாமல் போனது, அதனால் பாவம் படிப்பை விட்டாள் என்று. பாதி உண்மை. ஷெட்டில் ஒருத்தியின் இடம் மூன்று நாள் காலியாக இருந்தால் நாலாம் நாள் வேறு ஒருத்தி நின்றுவிடுவாள், அப்புறம் ஜென்மத்துக்கும் கிடைக்காது, அதனால் அம்மாவின் இடத்தில் நான் போய் நின்றேன், அது உண்மை. எனக்குப் பள்ளிக்கூடமே பிடிக்கவில்லை, கெமிஸ்ட்ரி புத்தகத்தைத் திறந்தாலே கொட்டாவி வந்தது, அம்மா மூச்சு வாங்குவதைப் பார்த்தபோது உள்ளே ஒரு ஓரத்தில் அப்பாடா என்று இருந்தது, அதுவும் உண்மை. அதை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது பார், கெமிஸ்ட்ரிக்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன், கொட்டாவி வரவில்லை, பயம்தான் வருகிறது.

கரண்ட் ஒரு நொடி போய் வந்தது. உயிர் போய் வந்தது. இன்வெர்ட்டர் ஒரு மாதிரி கத்திவிட்டு அடங்கினது, கம்ப்யூட்டர் நிற்கவில்லை, நூற்று எழுபத்திரண்டு. நின்றிருந்தால் நல்லது என்று நான் ஒரு நொடி நினைத்தேனா, நினைத்தேன். நின்றால் இன்றைக்கு அனுப்ப முடியாது. நாளைக்கு அனுப்புவாள், அவ்வளவுதான், அதில் எனக்கு என்ன லாபம். திங்கட்கிழமைதான் எனக்கு விஷயமே புரிந்தது. சென்னையில் ஒரு பெரிய மெஷினில் நம் டப்பாக்களைப் போட்டு, உள்ளே என்னென்ன புரதம் இருக்கிறது என்று பட்டியல் அனுப்பியிருந்தார்கள். அக்கா அதைக் கம்ப்யூட்டரில் போட்டு வெட்டினாள், முந்நூற்றுப் பன்னிரண்டு துண்டு மிஞ்சினது, அதில் ஒன்றின் மேல் விரலை வைத்து என்னைக் கூப்பிட்டாள். "இங்க பாரு டெல்பி. இந்தத் துண்டை இதுவரைக்கும் பண்ணை இறால்லதான் பாத்திருக்காங்க. நம்ம கடல் இறால்லயும் இருக்குது. யாருமே எழுதல இதை." அக்கா சத்தம் போடுகிறவள் கிடையாது, அன்றைக்கு அவள் காது மடல் சிவந்திருந்தது. எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. யாரும் ஏன் எழுதவில்லை என்றால், இல்லை, அதனால் எழுதவில்லை. அது கடலில் இருந்து வரவில்லை, அடுத்த மேசைக் கூடையில் இருந்து என் கையோடு வந்தது. நான் "அப்படியாக்கா" என்றேன். அப்படியாக்கா. அந்த ஒரு வார்த்தையைத் திங்களில் இருந்து மென்றுகொண்டிருக்கிறேன். அந்த இடத்தில் வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று குளிக்கும்போது யோசிக்கிறேன், பஸ்ஸில் யோசிக்கிறேன், சோறு அள்ளும்போது யோசிக்கிறேன். ஒருவேளை கடல் இறாலிலும் நிஜமாகவே இருக்குமோ. இருக்கலாம். இரண்டு பிடி தலையா அவ்வளவு பெரிய மெஷினுக்குத் தெரியப் போகிறது. தெரியும் என்று அக்காவே சொல்லியிருக்கிறாள், ஒரு துளி இருந்தாலும் அது பிடிக்கும், அதற்காகத்தான் கையுறை இல்லாமல் தொடாதே என்று முதல் நாளில் சொன்னாள். நேற்று வேகமாக ஒரு தடவை ஓட்டிப் பார்த்ததில் அந்தத் துண்டுக்குத்தான் முதல் மார்க். இன்றைக்கு நிதானமாக ஓட்டுகிறோம். இன்றைக்கும் அதுவே முதலாக வந்தால் நாலரைக்கு அனுப்பிவிடுவாள், அனுப்பினதைத் திரும்ப வாங்க முடியாது, அடுத்த வருஷத்துக்கும் இந்த வேலை நடக்கும், எனக்கும் இந்த நாற்காலி இருக்கும். நான் வாயைத் திறந்தால், ஆகஸ்டோடு இந்த வேலை முடிந்தது. ராஜகனி அக்கா போன ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் வைத்துச் சொல்லிவிட்டாள். "உங்கம்மா எடத்த ஆகஸ்டு வரைக்கும் தங்கச்சி மகள நிப்பாட்டி வச்சிருக்கேன். காலேஜ் எல்லாம் படிச்சு முடிச்சிட்டு வந்து சேரு என்னட்டி. இறால் தலைக்கு டிகிரி குடுத்தாச்சுன்னா எங்களுக்கும் ஒண்ணு வாங்கிட்டு வா."

என்னால் ஷெட்டுக்குத் திரும்பப் போக முடியாது. சோம்பேறித்தனம் இல்லை. மார்ச் கடைசியில் ஒரு நாள் தரையைப் பைப் வைத்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள், தண்ணீர் அடிக்கிற வேகத்தில் ஒரு புகை மாதிரி எழும்பும், இறால் வாடையும் குளோரினும் கலந்து, அதில் நிற்கும்போது எனக்குள்ளே ஒரு விசில் கேட்டது. நான் பக்கத்தில் நிற்கிறவள் போன் என்று நினைத்தேன். மூச்சை விட்டால் கேட்டது, நிறுத்தினால் நின்றது. நான்தான். அம்மாவுக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது, முதலில் நகக்கண்ணில் அரிப்பு, அப்புறம் தும்மல், அப்புறம் இந்த விசில், அப்புறம் ஒரு நாள் தட்டோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். இப்போது வீட்டில் சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தே இருக்கிறாள், படுத்தால் அடைக்கிறது. கழுத்துக்குக் கீழே இரண்டு எலும்புக்கு நடுவே ஒரு குழி இருக்கிறதே, ஒவ்வொரு மூச்சுக்கும் அது உள்ளே போகும், யாரோ உள்ளே இருந்து விரலைக் கொக்கி போட்டு இழுக்கிற மாதிரி. வாயில் வைத்து அழுத்துகிற பம்பு தீர்ந்துபோன அன்றைக்கு பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம், முகத்தில் மூடியை மாட்டிப் புகை வைத்தார்கள், நர்ஸ் கேட்டாள், "எறால் கம்பெனியா?" பார்த்ததுமே. அவளுக்கு ஊரில் எத்தனை பேரைத் தெரியுமோ. நான் விசிலை அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் போகாதே என்பாள், போகாதே என்று சொல்லிவிட்டு அவளே போய் நிற்பாள், அவளுடைய புத்தி எனக்குத் தெரியும். ஜவுளிக்கடையில் கேட்டேன், பன்னிரண்டு முடித்திருக்க வேண்டும் என்றான். பேன்சி ஸ்டோரில் கேட்டேன், தீபாவளிக்கு வா என்றான். அப்போதுதான் கோகிலவாணி அக்கா லேபுக்கு ஒரு உதவி ஆள் வேண்டும், வருகிறாயா என்று கேட்டாள். வந்து சேர்ந்த மூன்றாம் நாள் விசில் நின்றது. நான் மாடிப்படி ஏறிப் பார்த்தேன், இறங்கித் திரும்ப ஏறிப் பார்த்தேன், நின்றுவிட்டது. சேரும்போது ஒரு தாள் கொடுத்தார்கள், இறால், நண்டு ஒத்துக்கொள்ளாமை உண்டா, மூச்சுத் தொந்தரவு உண்டா, ஆம் இல்லை என்று இரண்டு கட்டம். இல்லை, இல்லை என்று டிக் அடித்தேன். ஆம் போட்டால் மீன் சம்பந்தப்பட்ட லேபில் யார் சேர்ப்பார்கள். இந்தக் கம்ப்யூட்டரிலும் அப்படி ஒரு கட்டம் இருக்கிறது. துண்டை உட்கார வைப்பதற்கு முன்னால் இது விஷமா, இது அலர்ஜி தருமா என்று கேட்கும். நம் துண்டுக்கு இல்லை, இல்லை என்றே வந்தது. அக்காவிடம் கேட்டேன், அப்புறம் ஏன் எங்கள் தெருவில் இத்தனை பேருக்கு மூச்சு அடைக்கிறது என்று. அம்மாவைப் பற்றிச் சொல்லவில்லை, தெரு என்றுதான் சொன்னேன். அக்கா யோசித்துவிட்டு, முழுப் புரதமாக மூச்சில் போனால் சில பேருக்கு ஆகாது, இந்தத் துண்டும் அதே புரதத்தில் இருந்து வெட்டினதுதான், ஆனால் சின்னதாக வெட்டிவிட்டால் உடம்புக்கு அது யாரென்று தெரியாது என்றாள். கம்ப்யூட்டர் சொல்வது ஒரு ஊகம்தான், நிஜமாகப் பார்க்க இன்னும் எத்தனையோ வருஷம் இருக்கிறது என்றும் சொன்னாள். அதே புரதம். அம்மா அதை முழுசாக வாங்கிக்கொண்டாள், பதினாலு வருஷம். இனி யாரோ எங்கேயோ அதைத் துண்டாக வாங்கி டப்பாவில் போட்டு, வெந்நீரில் கலக்கிக் குடித்து, பிரஷர் இறங்கி நூறு வயசு இருக்கப் போகிறார்கள். இருக்கட்டும். எனக்கு அவர்கள் மேல் கோபம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது.

இருநூற்று ஏழு. வந்துவிட்டது, நம் துண்டு. நான் மூக்கைத் திரையில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், இந்த ஒன்றுக்கு மட்டும் நேரம் அதிகம் எடுக்கிற மாதிரி இருக்கிறது, இல்லை, எனக்குத்தான். தோற்றுப் போ. நீ தோற்றுவிட்டால் நான் ஒன்றும் சொல்ல வேண்டாம், அக்கா வேறு துண்டை எடுத்துக்கொள்வாள், அது நிஜமான கடல் துண்டாக இருக்கும், யாருக்கும் ஒன்றும் ஆகாது. மைனஸ் ஒன்பது புள்ளி ஆறு. நேற்றை விட நல்ல மார்க். இது வரை ஓடினதில் இதற்குப் பக்கத்தில் எதுவும் இல்லை. கூடைக்காரி ஏறினாள், உட்கார்ந்தாள், கூடையையும் மடியில் வைத்துக்கொண்டாள். சரி, சொல்லாவிட்டால் என்ன ஆகும். ஒன்றும் ஆகாது, அதுதான் பயமாக இருக்கிறது. அக்கா எழுதுவாள், சார் கையெழுத்துப் போடுவார், அடுத்த வருஷம் எங்கேயோ இன்னொரு பெண் கடல் இறால் தலையைக் கூடை கூடையாக வாங்கி அரைத்துத் தேடுவாள், கிடைக்காது, தன் கையில்தான் தப்பு என்று நினைப்பாள், திரும்ப அரைப்பாள். அந்தப் பெண் யாரென்று எனக்குத் தெரியாது, அவளுக்காக நான் ஏன் மூச்சை விட வேண்டும். அல்லது அவர்களே கண்டுபிடித்து அக்காவைக் கேட்பார்கள். அக்காவுக்கு இருபத்தொன்பது வயசு, இன்னும் கல்யாணம் பண்ணவில்லை என்று அவள் வீட்டில் இருந்து போன் வரும்போதெல்லாம் லேபுக்கு வெளியே போய்ப் பேசிவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு வருவாள். அவளுக்கு இருப்பது இந்த முந்நூற்றுப் பன்னிரண்டு துண்டுதான். சொன்னால் அதை நான் பிடுங்குகிறேன். சொல்லாவிட்டால் பொய்யை அவள் கையில் கொடுத்துப் பிடித்துக்கொள் என்கிறேன். இரண்டும் அசிங்கம். நாளைக்குச் சொல்லலாமா. நாளைக்குச் சொன்னால் ஏன் நேற்றே சொல்லவில்லை என்பாள், அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது, பதில் என் நெஞ்சுக்குள்ளே இருக்கிறது, அதைச் சொன்னால் கட்டத்தில் பொய் டிக் அடித்ததும் வெளியே வரும். ஒன்றை இழுத்தால் இன்னொன்று வருகிறது, இறாலின் குடல் மாதிரி, அறுந்தால் உள்ளேயே நின்றுவிடும், அறுக்காமல் இழுக்க வேண்டும். அம்மா எனக்கு முதல் நாள் சொல்லிக்கொடுத்தது அதுதான், "மெள்ள இழுட்டி, ஒரே இழுப்பா." இருநூற்று நாற்பது. மவுஸ். இருநூற்று நாற்பத்தொன்று. எண்ணிக்கொண்டே இருந்தால் நினைப்பு வராது என்று பார்த்தால் எண்ணுக்கு நடுவே இருக்கிற இடத்தில் எல்லாம் வந்து நிற்கிறது, இரண்டு விரக்கடை, இரண்டு விரக்கடை. பேசாமல் குறையாகவே மூடியிருக்கலாம். குறை என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் போதும். அந்த வார்த்தையை எழுத என் கைக்குத் தெரியவில்லை.

அக்கா மூன்று ஐம்பதுக்கு வந்தாள். கையில் இரண்டு சமோசா, ஒன்றை என் பக்கம் வைத்தாள். "எவ்வளவு ஓடியிருக்குது?" "இருநூத்தித் தொண்ணூத்தி நாலு." "நம்ம ஆளு?" "மைனஸ் ஒம்போது புள்ளி ஆறு. அதுதான் மொதல்ல நிக்கி." அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து திரையையே பார்த்தாள். அவள் காது மடல் மறுபடியும் சிவந்தது. "சார் அடுத்த வருசத்துக்கு எழுதிக் குடுத்துட்டாரு. உன் பேரும் போட்டிருக்கேன், உதவி ஆள்னு. சாப்பிடு, ஆறிடும்" என்றாள். நான் சமோசாவைப் பார்த்தேன். அதை எடுத்துக் கடித்துவிட்டால் அப்புறம் சொல்ல முடியாது என்று தோன்றினது, ஏன் என்று தெரியவில்லை, கடிப்பதற்குள் சொல்ல வேண்டும். "அக்கா, ஆறாவது டப்பாவுல நான் பண்ணை எறால் தலையையும் போட்டேன்." அவள் திரும்பவில்லை. "எவ்வளவு." "ரெண்டு பிடி." "எதுக்கு." "கோட்டுக்கு ரெண்டு வெரக்கட கொறஞ்சிருந்துச்சு." "கொறஞ்சா கொறஞ்சிருக்குதுன்னு எழுத வேண்டியதுதானே." "எங்க ஷெட்டுல கொறையாக் கொண்டு போக மாட்டோம்க்கா. போட்டப்புறம்தான் நெனச்சேன். இல்ல, போட்டப்புறமும் நெனக்கல. திங்கக்கெழம நீங்க காமிச்சப்பதான் தெரிஞ்சுது." "இன்னிக்கு வெள்ளிக்கெழமை" என்றாள் அக்கா. திரையில் முந்நூறு ஆனது, முந்நூற்று ஒன்று ஆனது, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. "அந்த ஒரு டப்பாவை எடுத்துட்டா மிச்சம் அஞ்சு இருக்குல்லாக்கா" என்று கேட்டேன். "ஆறையும் ஒண்ணாப் போட்டு அரைச்சாச்சு டெல்பி. பிரிக்க முடியாது."

அவள் எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்று சாருக்குப் போன் போட்டாள். "சார், இன்னிக்கு அனுப்பலைங்க. சாம்பிள் கலந்துபோச்சு. இல்லைங்க சார், என் தப்புதான், நான் பக்கத்துல நின்னு எடுத்திருக்கணும்." அதற்கப்புறம் அந்தப் பக்கம்தான் பேச்சு, அவள் ம், ம் என்றுகொண்டே ஜன்னல் கம்பியில் இருந்த துருவை நகத்தால் சுரண்டினாள். நான் என் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். நாளையில் இருந்து வர வேண்டாம் என்று சொல்லும்போது பையைத் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது. போனை வைத்துவிட்டு அவள் வந்து உட்கார்ந்தாள், என் பையைப் பார்த்தாள். "எங்க கிளம்பிட்ட." "இல்ல, நீங்க சொல்லுவீங்கன்னு." "பையக் கீழ வை. முதல்ல இருந்து எடுக்கணும். சார் மூணு மாசம் டைம் குடுத்திருக்காரு, அதுக்குள்ள முப்பது டப்பா, ஒரு நாளைக்கு ஒண்ணு, வேற வேற நாள் எறால். திங்கக்கெழமையில இருந்து நீ ஷெட்டுக்குப் போயிரு கண்ணு. காலைல இருந்து வேலை முடியற வரைக்கும் அங்கயே மேசையில நில்லு, உன் கையால கழட்டின தலை மட்டும் டப்பாவுல போவணும். கோட்டுக்குக் கொறஞ்சா கொறஞ்சே வரட்டும்." "வேற யாரையாச்சும் அனுப்பலாமேக்கா. நான் இங்க கம்ப்யூட்டரப் பாத்துக்கிடுதேன்." "வேற யாரை நம்பி அனுப்பட்டும்? வேற யாரா இருந்தாலும் வாயத் தொறந்திருக்க மாட்டாங்க. நீ சொன்ன. இனி உன்னைத் தவிர ஒருத்தர் கையையும் நான் நம்ப மாட்டேன்" என்று சொல்லி அவள் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள், கோபம் பாதி, பாசம் பாதி. பட்ட இடம் வெதுவெது என்று இருந்தது. அப்புறம் நோட்டைத் திறந்து தேதி போட்டுக்கொண்டே, தலையைத் தூக்காமல், "உனக்குப் பழகின எடம்தானே, ஒடம்புக்கு ஒண்ணும் ஆகாதில்ல?" என்று கேட்டாள். சொல்லலாம். இப்போதுதானே ஒன்றைச் சொன்னேன், வாய் திறந்துதானே இருக்கிறது. ஆனால் இப்போது சொன்னால், போகாமல் தப்பிக்கச் சொல்கிற மாதிரி இருக்கும், ஒன்றரை நிமிஷத்துக்கு முன்னால் அவள் என் மேல் வைத்த அந்த நம்பிக்கை போய்விடும், தாளில் அடித்த டிக் வெளியே வரும். "ஒண்ணும் ஆகாதுக்கா" என்றேன். அவள் முப்பது கோடு போட்டு எண் எழுத ஆரம்பித்தாள். நான் மூச்சை இழுத்துப் பார்த்தேன், அடி வரைக்கும் போனது, ஒரு சத்தமும் இல்லை. சனி, ஞாயிறு இரண்டு நாள் இருக்கிறது.